சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்கள்



நாம் கூடியிருக்கும் காரைக்காலிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். தெற்கே பக்கத்தில் இருக்கும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் பினாங்குக்குப் போயின. அவற்றில் போனவர்களில் பலர், தஞ்சை மண்ணில் பண்ணையாட்களாக இருந்த நம் சேரி மக்கள். கங்காணி காட்டிய வழி மலேயாவின் ரப்பர் தோட்டத்தில் போய் முடிந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குப் படிப்பு என்று கேட்டார்கள். கூடவே இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்து நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இக்கோரிக்கையின் கனம் தெரியும். படையை ஏவி அதை ஒடுக்கினார்கள், உயிர்கள் போயின.

அந்த ஆண்டின் இறுதியில் ஜப்பானியப் படை மலேயாவுக்குள் நுழைந்தது. பஞ்சம் வந்தது. பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோய்ச் சாகவிட்டார்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றதும் தோட்டத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையிலும் பால்மரம் வெட்டிய பெண்கள் நிறைந்திருந்தார்கள்.

ஏன் சேர்ந்தார்கள்? தேசபக்தி என்ற ஒரே சொல்லில் இதை அடக்க முடியாது. சிலரைப் பசி தள்ளியது. சிலர் ரயில்பாதைக்குத் தப்பி வந்தார்கள். போர்க்குணம் இல்லாதவர்கள் என்று வெள்ளை அரசு ஒதுக்கிய கைகளுக்கு அங்கே துப்பாக்கி கிடைத்தது. சாதிக்கொரு சமையல் இல்லை. எல்லோருக்கும் ஒரே பந்தி. ரயில்பாதையில் நம்மவரைக் கொன்ற அதே ஜப்பானின் துணையோடுதான் அந்தப் படை நின்றது என்ற முரணையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

1945இல் செங்கோட்டை விசாரணையில் நின்ற அதிகாரிகளின் பெயர்களை நாடு அறியும். படித்த குடும்பத்துப் பெண்கள் சிலரின் நினைவுகள் நூல்களாயின. தோட்டத்துப் பிள்ளைகளோ பழைய லயங்களுக்கே திரும்பினார்கள். ஆனாலும் கற்ற அணிவகுப்பை அவர்கள் மறக்கவில்லை. 1946-47இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றபோது, அதில் முன்னாள் சிப்பாய்களும் இருந்தார்கள்.

மாணவத் தோழர்களே, அவர்களுடைய பெயர்கள் ஆவணக் காப்பகத்தில் குறைவு. நம் தெருக்களில் இன்னும் மிச்சமிருக்கின்றன. உங்கள் வீட்டில் யார் கப்பலேறினார்கள் என்று பாட்டியிடம் கேளுங்கள். சொன்ன பெயரை அன்றைக்கே எழுதி வையுங்கள்.