தறிச்சத்தமும் இரும்புக் கையும்

அன்று மருதமுனையில் எங்கள் வீட்டு விறாந்தை தறிச்சத்தத்தோடுதான் விடியும். வாப்பா மிதியை மிதித்துக் கயிற்றைச் சுண்ட, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். பாவில் ஓரிழை அறுந்தால் முதலில் அறிவது அவர் கை. கண் பிறகுதான் தேடும்.

அப்போது எங்களுக்கு ஜப்பான் என்றால் ரூபவாஹினியில் வந்த ‘ஓஷின்’, தெருவில் ஓடிய டொயோட்டா வேன். அந்த டொயோட்டாவே தறியில் இருந்து பிறந்தது என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. டொயோடா சகிச்சி 1924இல் முடித்த தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானாகவே நிற்கும். வாப்பாவின் விரலறிவை இரும்பு படித்துக்கொண்டது!

இன்று அந்த விறாந்தையில் தறி இல்லை. பேரன் ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறான். “இஞ்ச பாருங்க மூத்தம்மா, இவன்ட கை இரும்பு.”

அவனோடு சேர்ந்து நானும் அந்த ஜப்பான் கார்ட்டூன்களைப் பார்க்கத் தொடங்கினேன். தெசூகா ஒசாமு 1952இல் வரையத் தொடங்கிய ‘அஸ்ட்ரோ போய்’ கதையில், விபத்தில் மகனைப் பறிகொடுத்த விஞ்ஞானி அதே முகத்தில் ஓர் இயந்திரப் பிள்ளையைச் செய்கிறார். அது வளராது என்று கண்டதும் சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வீடுகளுக்குள் வந்துபோனது. அதற்குப் பிறகு இதை என்னால் சிறுபிள்ளைக் கதையாகப் பார்க்க முடியவில்லை. பிள்ளையின் சட்டையை இன்றும் மடித்து வைத்திருக்கும் உம்மாமாரை எனக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைக்கும் வயது ஏறுவதில்லை. ஆனால் அவர்கள் யாரும் அந்தச் சட்டையைக் கைவிடவில்லை.

1989இல் மசமுனே ஷிரோ வரையத் தொடங்கிய ‘கோஸ்ட் இன் த ஷெல்’ நாயகிக்கு உடம்பே செயற்கை. உள்ளே இருப்பது தான்தானா என்று தேடுகிறாள். பேரனுக்கு அது பிடிபடவில்லை. அவனுக்குப் பிடித்தது அரகாவா ஹிரோமு 2001இல் தொடங்கிய ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’. தம்பியின் உயிரைப் பிடித்து நிறுத்த வலது கையையே விலையாகக் கொடுத்த அண்ணன் எட்வர்ட். அவனுக்கு இரும்புக் கை செய்து பூட்டுபவள் கூட வளர்ந்த பெண், வின்றி. அவன் அதை உடைத்துக்கொண்டு வரும்போதெல்லாம் ஏசுகிறாள், ஏசிக்கொண்டே திருத்துகிறாள். எனக்கு அவளைத்தான் பிடித்தது. செய்தவளின் கை அந்த இரும்பில் தெரிகிறது.

“உங்கட வாப்பாட தறியும் ரோபோவா மூத்தம்மா?”

அலுமாரியில் இருந்த தறிக்கயிற்றின் மரப்பிடியை எடுத்துக் கொடுத்தேன். வாப்பாவின் பெருவிரல் பட்டுப் பட்டுக் குழிந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தான்.