பாரம் இழுக்கும் டிராக்டருக்கு எந்த டயர்?

திருப்பூர் - பல்லடம் சாலையில் அருள்புரம் பக்கம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். சாயப்பட்டறை கொதிகலனுக்கு விறகு, தோட்டத்துக்குக் கோழி எரு, கட்டட வேலைக்குத் தண்ணீர் என்று டிராக்டர்கள் டிரெய்லரோடு போய்க்கொண்டே இருக்கும். உழவு இல்லாத மாதங்களில் பலருக்கு டிராக்டர் தவணையைக் கட்டுவதே இந்த ஓட்டம்தான். (விவசாயத்துக்கென்று பதிவான டிரெய்லரில் வணிகப் பாரம் ஏற்றினால் விபத்துக் காப்பீட்டில் சிக்கல் வரும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

பின் டயர் மொட்டையான ஒரு விவசாயி சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "சார், ஒரு சைஸ் பெருசாப் போட்டா இழுவை கூடுங்களா?" பலருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது.

டயரில் 13.6-28 என்று இருந்தால், முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். 13.6-28 டயரின் மொத்த உயரம் சுமார் 1,310 மி.மீ. அதே ரிம் விட்டத்தில் 14.9-28 டயர் சுமார் 1,365 மி.மீ. இருக்கும். உயரம் 4 சதவீதம் கூடினால் அதே கியரில் வேகம் 4 சதவீதம் கூடும். சக்கரம் இழுக்கும் விசை அதே அளவு குறையும். பிரேக் பிடிக்கும் திறனும் குறையும். உழவில் அகலமான டயருக்கு மண் பிடிப்பு அதிகம் என்பது சரிதான். ஆனால் பாரத்தோடு மேடு ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் நீங்கள் இழப்பதுதான் அதிகம். அகலம் மாறினால் ரிம்மின் அகலமும் பொருந்த வேண்டும். குறுகலான ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும்.

நான்கு சக்கர இழுவை டிராக்டர் என்றால் அளவை மாற்றவே வேண்டாம். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்றே கூடுதலாக ஓடும்படி கியர் கணக்கிடப்பட்டிருக்கும். பின் டயரை மட்டும் பெரிதாக்கினால் அந்தக் கணக்கு கெட்டு, முன் அச்சின் கியர்கள் தேயும். இரு சக்கர இழுவையிலும் இரண்டு பின் டயர்களை ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் நேர் ரோட்டில்கூட டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

டிராக்டரைவிட அதிகம் கவனிக்க வேண்டியது டிரெய்லர் டயர். எங்கோ கிடைத்த பழைய லாரி டயரை அதில் மாட்டுவதுதான் நம் வழக்கம். 5,000 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டும் 5 டன். தொட்டிக்கும் சட்டத்துக்கும் ஒரு டன் சேர்த்தால் 6 டன். இரண்டு சக்கர டிரெய்லரில் ஒரு டன் கொக்கியில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு டயரும் இரண்டரை டன் தாங்க வேண்டும். நான்கு சக்கரம் என்றால் ஒன்றரை டன். உங்கள் டயர் எவ்வளவு தாங்கும் என்பது அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும், அல்லது சுமைக் குறியீட்டு எண் இருக்கும். அதற்கான அட்டவணையைக் கடைக்காரரிடம் கேளுங்கள். 'பிளை' எண் டயரின் வலுவைக் குறிக்கிறது, உள்ளே எத்தனை அடுக்கு என்பதை அல்ல. அதே பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியும் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் வெயிலில் கிடந்து பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயரைப் பாரம் ஏற்ற வாங்காதீர்கள்.

காற்றழுத்தத்தில்தான் வயலும் ரோடும் மோதுகின்றன. உழவில் பின் டயருக்குச் சுமார் 12 பி.எஸ்.ஐ. போதும். ரோட்டில் பாரம் இழுக்க 18 வரை தேவைப்படும். சரியான அளவு உங்கள் டிராக்டர் கையேட்டில் உள்ளதுதான். உழவழுத்தத்திலேயே பாரம் இழுத்தால் பக்கச்சுவர் மடங்கி, சூடேறி, டயர் கிழியும். ரோட்டு அழுத்தத்தோடு வயலில் இறங்கினால் மண் இறுகும். டயர் மண்ணை அழுத்தும் அளவு ஏறக்குறைய அதன் காற்றழுத்தத்தை ஒட்டியே இருக்கும். டிரெய்லரின் லாரி டயரில் அது பல மடங்கு. எரு ஏற்றிய டிரெய்லரை ஈரமான மண்ணில் இறக்காதீர்கள். தோட்டத்து ஓரத்தில் கொட்டிவிட்டு, அங்கிருந்து சிறுகச் சிறுக எடுத்துச் செல்லுங்கள். இறுகிய அடிமண்ணை உடைக்க மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்ட வேண்டும். அந்தச் செலவையும் டயர்க் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

உழவுக்காகப் பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியிருந்தால், ஓட்டக் காலத்தில் வடித்துவிடுவது நல்லது. இரண்டு சக்கர டிரெய்லரின் பாரமே பின்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும். அப்போது முன்பகுதிதான் லேசாகும். எடைக்கட்டிகளை அங்கே மாட்டுங்கள். ஸ்டீயரிங் பிடி கொடுக்கவில்லை என்றால் பாரம் அதிகம் என்று பொருள்.

புது டயரோ டிஸ்க்கோ மாட்டினால், முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் வீல் நட்டுகளை எதிரெதிராக மறுபடி முடுக்கிவிடுங்கள். பாரத்தில் ஓடியதும் அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும்.