பழவேற்காட்டுக்கு ஒரு நடை

கிரேக்கத் தீவுகளின் மீனவர் கிராமங்களைத் திரையில் பார்த்து ஏங்கும் கொடுங்கையூர் நேயர்களே, கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறுங்கள். பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் பழவேற்காடு.

ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்கா ஏரிக்கு அடுத்துப் பெரியது இதுதான்.

இங்கே அவசியம் கேட்டறிய வேண்டியது ‘பாடு’ முறை. ஏரியில் எந்த இடத்தில் இறால் அதிகம் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே யார் வலை கட்டுவது? சீட்டுப் போட்டு முறை வைக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை அடுத்தவருக்கு விட வேண்டும். பாடு உரிமை உள்ள குடும்பங்கள் தலைமுறைகளாக இப்படித்தான் ஏரியைப் பகிர்ந்துகொள்கின்றன. நம் கடற்கரையின் பெரிய சொத்து இந்த ஏற்பாடு என்றே சொல்வேன்.

1613-இல் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை எழுந்த ஊர் இது. அவர்களின் கல்லறைத் தோட்டமும் உண்டு. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். பனையோலையில் பெட்டி முடையும் பெண்களிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

படகு சவாரிக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு இங்கே கவிழ்ந்து பலர் உயிரிழந்தார்கள். பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அதற்குக் குளிர்காலம் ஏற்றது.