வெள்ளைக் கோட்டுக்கு வெளியே – 11: குளியலறை வரைக்கும் வரும் வைத்தியம்

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளில், நல்ல நிலையில் உள்ள தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அவர் வளர்த்தெடுத்த கதை பலருக்கும் தெரியும். அதற்குப் பின் நடந்ததை அதிகம் பேர் பேசுவதில்லை. விரல் நிமிர்ந்து ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். மடங்கிய கையைப் பார்த்து இரங்கிக் காசு போட்டவர்கள், நிமிர்ந்த கையைப் பார்த்துப் போடவில்லை. தொழுநோய் வந்தவர் என்பதால் வேலை கொடுக்கவும் ஆளில்லை. அறுவை சிகிச்சை வெற்றி, வயிறுதான் காய்ந்தது.

1951-ல் சி.எம்.சி. வளாகத்தை ஒட்டி நவ ஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. குடிசைகள், ஒரு பட்டறை, தச்சுக் கருவிகள், மரப் பொம்மைகள். பிராண்டே இளமையில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். தொட்டால் உணர்ச்சியே இல்லாத கையில் ரம்பத்தைக் கொடுத்தால் என்ன ஆகும், எந்தப் பிடி கொப்புளம் போட வைக்கும், ஆணியை எதைக் கொண்டு பிடித்துக்கொள்வது என்பதையெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆக்குபேஷனல் தெரபி, அதாவது துறைக்காரர்கள் சுருக்கமாக ‘ஓ.டி.’ என்று சொல்வது, சாராம்சத்தில் இந்த வேலைதான்.

‘அதுவும் பிசியோதெரபிதானே?’ என்று கேட்காத வீடு இல்லை. பிசியோதெரபிஸ்ட் தோளை அசைய வைக்கிறார், காலில் பலம் ஏற்றுகிறார். ஓ.டி. சிகிச்சையாளர் அந்தத் தோளால் உங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று கேட்கிறார். சட்டை போட வேண்டுமா, கடைக்குப் போய்க் கல்லாவில் உட்கார வேண்டுமா, பேரனைத் தூக்க வேண்டுமா? நடைமுறையில் இருவர் வேலையும் நிறையவே ஒன்றோடொன்று கலந்திருக்கும். கேள்வி மட்டும் வேறு.

1917-ல் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் இந்தத் தொழிலுக்கான முதல் சங்கத்தைக் கூட்டியவர் ஜார்ஜ் பார்ட்டன். அவர் மருத்துவர் அல்ல, கட்டடக் கலைஞர்; காசநோயும் ஒரு பக்க வாதமும் வந்து தானே தேறி எழுந்தவர். இந்தியாவில் முதல் பள்ளி 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியது. அதைத் தொடங்கிய கமலா நிம்ப்கர் அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். 1952-ல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது இந்தியாவும் நிறுவன நாடுகளில் ஒன்று. இவ்வளவு பழைய துறை நம் ஊரில் இன்னும் முகவரி இல்லாமல் இருப்பது ஆச்சரியம்தான். வரும் இருபது ஆண்டுகளில் அந்த நிலை மாறியே ஆக வேண்டும். மாறும் விதத்தைப் பற்றித்தான் எனக்குச் சில சந்தேகங்கள்.

மாற வேண்டிய காரணம் எளிது. தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021-ல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. கேரளத்தை விட்டால் நாம்தான். உலக அளவில் ஏதாவது ஒரு மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடியவர்கள் 240 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பக்கவாதம் வந்தவரை இப்போது பிழைக்க வைத்துவிடுகிறோம். பிழைத்தவர் அடுத்த பதினைந்து ஆண்டுகளை எப்படிக் கழிப்பார் என்பதற்கு யாரிடமும் திட்டம் இல்லை.

வலது பக்கம் விழுந்த ஒருவர் சாப்பிட உட்காருவதைக் கவனியுங்கள். வெளிநாட்டுப் பாடப் புத்தகம் தடித்த பிடி வைத்த கரண்டியைக் கொடுக்கச் சொல்லும். நம் தட்டில் இருப்பது சோறும் குழம்பும். முதலில் பிசைய வேண்டும்; அதற்கு விரல்கள் விரிந்து மடங்க வேண்டும். பிறகு நான்கு விரல்களும் குவிந்து, கட்டை விரல் பின்னாலிருந்து தள்ள வேண்டும். இடக்கையால் சாப்பிடலாமே என்றால், வீட்டுக்குள் ஒப்புக்கொள்பவர்கூடப் பந்தியில் ஒப்ப மாட்டார். கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிடுவார். ‘ஐயா ஏன் வெளியே வர்றதில்ல?’ என்று சொந்தக்காரர்கள் கேட்க, ‘உடம்பு முடியல’ என்று வீட்டம்மா சொல்லிச் சமாளிப்பார்.

அனுபவமுள்ள சிகிச்சையாளர் இதைத் துண்டு துண்டாகப் பிரிப்பார். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணியோ ரப்பர் விரிப்போ போடுவார். விளிம்பு உயர்ந்த தட்டைக் கொடுப்பார். முதலில் சப்பாத்தி மாவைப் பிசையச் சொல்வார். குழைந்த தயிர் சாதம் முதல் பாடம், சாம்பார் சாதம் அடுத்தது, ரசம் சாதம் கடைசி. விரலிடுக்கில் ஒழுகாமல் ரசம் சாதத்தை வாய்க்குக் கொண்டுபோய்விட்டால், அடுத்த முகூர்த்தத்துக்கு அவரை அழைத்துப்போகலாம். இதை மருத்துவமனையில் ஒரு மேஜை முன்னால் உட்கார்த்தி வைத்துப் பழக்குவது கஷ்டம். வீட்டுத் தரையில், வீட்டுத் தட்டில்தான் பழக வேண்டும். இந்தத் துறையின் அடுத்த கட்டம் வீட்டுக்குள்ளே இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, வீட்டுக்குள் யார் வருவது?

இயந்திரம் வரும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. கையைப் பிடித்து அசைத்துவிடும் ரோபோக்கள் பெரிய மருத்துவமனைகளின் விளம்பரங்களில் இடம்பிடித்துவிட்டன. பிரிட்டனில் பக்கவாதம் வந்த 770 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ரோபோ பயிற்சி, ஒரு குழுவுக்கு அதே அளவு நேரம் சிகிச்சையாளரின் கூடுதல் பயிற்சி, ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் ‘லான்செட்’ இதழ் முடிவை வெளியிட்டது. ரோபோவிடம் பயின்றவர்களின் கையசைவு சற்றுத் தேறியது. ஆனால், அன்றாட வேலைகளில் அந்தத் தேர்ச்சி தென்படவில்லை. மனிதர் தந்த கூடுதல் பயிற்சியும், கைச்செயல்பாட்டை அளந்த முதன்மை அளவுகோலில் பெரிய வெற்றி காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணிக்கணக்கைக் கூட்டினால் மட்டும் போதாது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அதே கைக்கு இன்னொரு கருவி இருக்கிறது: முகம் பார்க்கும் கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், இழந்த கை இன்னும் இருப்பதாக உணர்ந்து வலியில் தவித்தவர்களுக்காக 1990-களில் உருவாக்கிய உத்தி இது. நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, விழுந்த கையே அசைவதாக மூளையை நம்ப வைப்பது. இன்று பக்கவாதச் சிகிச்சையில் ஓ.டி. சிகிச்சையாளர்கள் இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கையசைவிலும் அன்றாட வேலையிலும் ஓரளவு பலன் உண்டு என்கிறார்கள். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் கண்ணாடிக்கு விளம்பரம் தர யாரும் இல்லை, அவ்வளவுதான்.

குடும்பமே செய்துகொள்ளட்டும் என்பது இரண்டாவது யோசனை. கேட்கவும் நன்றாக இருக்கும்; நம் குடும்பங்களைப் பற்றி நமக்குள்ள பெருமைக்கும் பொருந்தும். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில், 1,250 பக்கவாத நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். லூதியானா சி.எம்.சி.யில் இருந்த நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியன் முன்னின்று நடத்திய ஆய்வு. மனைவிக்கோ மகனுக்கோ மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் இரண்டு மாதம் வரை தொடரச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தால், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் பயிற்சி பெற்ற குழுவில் 47 சதவீதம், பெறாத குழுவிலும் 47 சதவீதம். 2017-ல் இதுவும் ‘லான்செட்’டில்தான் வந்தது.

என்னைக் கேட்டால், இந்தத் துறையின் எதிர்காலம் பற்றிய முக்கியமான இந்திய ஆய்வு இதுதான். வீட்டுக்காரம்மா ஏற்கெனவே சமைக்கிறார், துவைக்கிறார், மாத்திரை கொடுக்கிறார், இரவில் நான்கு முறை எழுந்து சிறுநீர் பாத்திரம் பிடிக்கிறார். அவர் தலையில் சிகிச்சையாளர் வேலையையும் ஏற்றி வைத்துவிட்டு, சிக்கனமான தீர்வு கண்டுவிட்டோம் என்று அரசாங்கம் கையைத் தட்டிக்கொண்டு போக முடியாது.

தேறிய வழி ஒன்று அமெரிக்காவின் பால்டிமோரில் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செவிலியர் துறைப் பேராசிரியரான சாரா ஸான்டன் உருவாக்கிய ‘கேப்பபிள்’ என்ற திட்டம். வருமானம் குறைந்த முதியவர் வீட்டுக்கு மூன்று பேர் போகிறார்கள்: ஓ.டி. சிகிச்சையாளர் ஆறு முறை வரை, செவிலியர் நான்கு முறை வரை, பிறகு ஒரு மராமத்து வேலைக்காரர். சிகிச்சையாளர் முதலில் கேட்பது நோயை அல்ல. எதைச் செய்ய ஆசை என்பதை. முதியவர் சொன்னதை வைத்துப் பட்டியல் போடுகிறார்கள். மராமத்துக்காரர் வந்து படிக்கட்டுக்கு இரண்டாவது கைப்பிடி போடுகிறார், தளர்ந்த தரைப் பலகையை அடிக்கிறார், குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கிறார். நான்கைந்து மாதத்தில் வேலை முடிந்துவிடும். ஒருவருக்கு ஆகும் செலவு சுமார் 3,000 டாலர். குளிப்பது, உடுத்துவது போன்ற எட்டு அன்றாட வேலைகளில் சராசரியாக 3.9 வேலைகளுக்குத் திணறியவர்கள், முடிவில் 2 வேலைகளுக்கு மட்டுமே திணறினார்கள்.

சிகிச்சைக் குழுவில் ஆணி அடிப்பவருக்கும் இடம் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

நம் ஊர்க் குளியலறையை நினைத்துப் பாருங்கள். வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க அரையடித் தடுப்பு. உள்ளே வழுக்கும் டைல்ஸ். பக்கெட் ஒரு மூலை, குழாய் இன்னொரு மூலை. கழிப்பறை கொல்லையில், மூன்று படி ஏறி, பெரும்பாலும் உட்கார்ந்து எழ வேண்டிய இந்தியன் டாய்லெட். தாழ்ப்பாள் உள்பக்கம், விழுந்தால் கதவை உடைக்க வேண்டும். ஒரு கொத்தனாரும் ஒரு பிளம்பரும் ஒரு நாள் வேலை செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தக் கைப்பக்கம் கம்பி வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். தப்பான பக்கம் வைத்த கம்பியில் துண்டுதான் காயும்.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்குகிறது. கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கியது. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்கு உள்ளூரில் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் போகிறார்கள். குழந்தை எப்படி உட்காருகிறது, எதைப் பிடிக்கிறது என்று கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள். பிசியோ, ஓ.டி., பேச்சுப் பயிற்சி வல்லுநர்கள் அதைப் பார்த்துத் திட்டம் வகுக்கிறார்கள். வீட்டுக்காரர்களை நம்புகிறார்கள், ஆனால் தனியே விட்டுவிடவில்லை. முதியவர்களுக்கும் இந்த முறை ஒத்துவரும் என்றே நினைக்கிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை மையங்களில் ஓ.டி.க்கும் இடம் உண்டு. ஆனால், அந்த மையத்துக்கு ஆட்டோ பிடித்துப் போக முடிந்தவருக்கும், கட்டிலை விட்டு இறங்க முடியாதவருக்கும் தேவை ஒன்றல்ல.

குழந்தைகள் பக்கம் கதை நேர் எதிர். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பழைய ஏழு வகைகளை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் பட்டியலில் ஏறின. நகரங்களில் தெருவுக்கொரு தெரபி சென்டர் முளைத்தது. ஊஞ்சல், பந்துக் குளம், வண்ண வண்ண மெத்தை, மணிக்கணக்கில் கட்டணம். அமெரிக்க ஓ.டி. நிபுணர் ஜீன் அயர்ஸ் வகுத்த புலன் ஒருங்கிணைப்பு முறைக்கு உழைத்துப் படித்தவர்களும் இந்த அறைகளில் இருக்கிறார்கள். இரண்டு வார வகுப்பு முடித்துப் பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். பெற்றோருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? இந்தக் குழந்தை பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறக்குமா, நிஜாரின் பொத்தானைப் போடுமா என்று பேசாமல் ஊஞ்சலைப் பற்றியே பேசும் இடத்தை நான் சந்தேகப்படுவேன்.

2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இந்தத் தொழிலையும் பதிவேட்டுக்குள் கொண்டுவருகிறது. அதுவரை டெல்லி, மகாராஷ்டிரம் போன்ற சில இடங்களில் மட்டுமே சட்டப்படியான கவுன்சில் இருந்தது. பதிவேடு முழுமையாக நடைமுறைக்கு வந்தால் பலகைகள் சில இறங்கும். கூடவே பட்டத்தின் நீளத்தைக் கூட்டும் ஆசையும் வரும். அமெரிக்காவில் 2027-க்குள் ஓ.டி. ஆவதற்கு முனைவர் நிலைப் பட்டம் கட்டாயம் என்று 2017-ல் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள். இங்கே நாலரை ஆண்டு படித்துவிட்டு வளைகுடாவுக்கோ லண்டனுக்கோ விமானம் ஏறும் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். தாலுகா மருத்துவமனையில் அவர்களுக்கென்று பணியிடமே இல்லாதபோது எங்கே போவார்கள்?

கடைசியில் காசு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அறுவை சிகிச்சைக்கு உதவும், மருத்துவமனைப் படுக்கைக்கு உதவும். குளியலறைக் கம்பிக்கு உதவாது. இடுப்பெலும்பு முறிந்தபின் பணம் தரத் தயாராக இருக்கும் திட்டம், முறியாமல் தடுக்கும் கொத்தனார் கூலியைத் தர விதியில் இடம் வைக்கவில்லை. அந்த விதி மாறும்வரை வீட்டில் ஒன்றைச் செய்துகொள்ளலாம். மருத்துவமனையிலிருந்து பெரியவரை அழைத்து வரும் முன், அங்கே ஓ.டி. பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், உங்கள் வீட்டு வாசல், கட்டில், கழிப்பறை மூன்றையும் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுங்கள். கூச்சப்பட்டு ஹாலை மட்டும் காட்ட வேண்டாம்.

(தொடரும்)