கல்லூரிப் பருவத்தில் போதைப் பழக்கம்: பெற்றோர் செய்யத்தக்கவை

பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால் தம் பொறுப்பில் பாதி குறைந்தது என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. விடுதிக் கட்டணத்தைச் செலுத்தி, பெட்டி படுக்கையோடு அனுப்பிவைத்து, அவ்வப்போது தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நம் பங்கு முடிந்தது போலத் தோன்றும். அந்த நிலையில்தான் சில குடும்பங்களுக்கு அந்தச் செய்தி வருகிறது. விடுதிக் காப்பாளர் அழைக்கிறார். அல்லது துணி துவைக்கும்போது சட்டைப் பையில் மாத்திரை அட்டை ஒன்று கிடைக்கிறது. அல்லது வருகைப் பதிவு குறைந்ததால் தேர்வு எழுத இயலாது என்று கல்லூரியிலிருந்து கடிதம் வருகிறது.

இவ்வாறு அறிந்து மருத்துவமனைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். "எங்கள் வளர்ப்பில் என்ன குறை?" என்பது ஒன்று. "19 வயதுப் பிள்ளையை அடித்துத் திருத்தவும் முடியாது, அப்படியே விட்டுவிடவும் முடியாது, நாங்கள் என்னதான் செய்வது?" என்பது மற்றொன்று. இக்கட்டுரை இவ்விரு கேள்விகளுக்கும் விடை கூற முயல்கிறது.

வளர்ப்பின் குறையா?

போதைப் பழக்கத்திற்குத் தனியொரு காரணம் கிடையாது. பரம்பரைக் கூறு, நண்பர் வட்டம், எளிதில் கிடைக்கும் நிலை, தேர்வு அச்சம், கண்டறியப்படாத மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைபாடு ஆகிய பலவும் சேர்ந்தே ஒருவரை அதில் இழுத்துவிடுகின்றன. மேலும், விளைவுகளை எடைபோட்டு ஆவலை அடக்கும் மூளையின் முன்பகுதி, ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இன்பத்தைத் தேடும் பகுதியோ அதற்கு முன்பே விழித்துக்கொள்கிறது. கல்லூரிப் பருவம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம்.

இத்துன்பம் உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், ஏறத்தாழ 3.1 கோடிப் பேர் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவதாகவும் அது கூறுகிறது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தனர் என்பது அதன் மற்றொரு முடிவு. எஞ்சிய 37 பேரின் வீடுகளிலும் இதே கவலை இருக்கிறது. அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால் இந்த அச்சம் இருமடங்காகி, சிகிச்சை இன்னும் தள்ளிப்போகிறது.

எவ்வாறு பேசுவது?

பிள்ளை போதையில் இருக்கும்போது எதையும் பேசவேண்டாம். அப்போது நீங்கள் கூறும் அறிவுரை அவர் மனத்தில் நிற்காது. சண்டை மட்டும் நிற்கும். மறுநாள் காலை, உறவினர் எவரும் இல்லாத நேரத்தில், தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் அமர்ந்து பேசுவது நன்று.

"குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய்" என்று தொடங்கினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். கண்ணால் கண்டதை மட்டும் கூறுங்கள்: "இந்த மாதம் மூன்று முறை இரவு இரண்டு மணிக்கு வந்தாய், தம்பி. நேற்று உன் கை நடுங்கியதைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு என்ன நேர்கிறது என்று சொல்." பின்னர் அமைதியாகக் கேளுங்கள். முதல் நாளில் பொய் வரலாம். அதை அங்கேயே நிரூபித்து வெல்ல வேண்டியதில்லை. கதவு திறந்திருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

குடும்பத்தாருக்கு முறையாகப் பயிற்சி அளித்தால், சிகிச்சைக்கு மறுப்பவரும் இணங்குவர் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய பயிற்சி பெற்ற குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், மதுவுக்கு அடிமையான தம் உறவினரைச் சிகிச்சைக்கு வரச் செய்தனர். வலிந்து எதிர்கொண்டு இணங்கவைக்கும் முறையில் இதன் பாதி அளவு கூட வெற்றி கிட்டவில்லை. பிள்ளை தெளிவாக இருக்கும் நாளில் அவரோடு சேர்ந்து உண்பது, பேசுவது, பாராட்டுவது. போதையில் வரும் நாளில் சண்டையின்றி விலகிக்கொள்வது. அதனால் விளையும் சிறு இழப்புகளை அவரே சந்திக்கவிடுவது ஆகியவை அப்பயிற்சியின் சாரம்.

பணமும் பரிவும்

கடனை அடைப்பது, கல்லூரிக்குப் பொய்க் காரணம் எழுதிக் கொடுப்பது, உடைத்த கைப்பேசிக்குப் புதியது வாங்கித் தருவது போன்றவை அன்பினால் செய்யப்படுபவையே. ஆயினும் இவை பழக்கத்தின் விளைவைப் பிள்ளையின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. கல்விக் கட்டணத்தையும் உணவு விடுதிக் கட்டணத்தையும் நேரடியாகச் செலுத்துங்கள். கையில் தரும் தொகையைக் குறையுங்கள். அதே வேளையில் சோறும் படுக்கையும் சிகிச்சைச் செலவும் எப்போதும் உண்டு என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். வீட்டை விட்டுத் துரத்துவதாக மிரட்டுவது, நிறைவேற்ற இயலாத சொல். தாய் ஒன்று கூற, தந்தை வேறொன்று கூற, பாட்டி மறைவாகப் பணம் தரும் வீட்டில் எந்த ஒழுங்கும் நிலைக்காது. பெரியவர்கள் முதலில் தமக்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டும்.

அறையில் பூட்டி வைக்காதீர்கள்

"பத்து நாள் அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும்" என்ற எண்ணம் உயிருக்கே கேடாகலாம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள்களில் மனக்குழப்பமும் இல்லாதவற்றைக் காணும் நிலையும் ஏற்படலாம். தூக்க மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவதிலும் வலிப்பு அபாயம் உண்டு. இவற்றை மருத்துவர் மேற்பார்வையில் மருந்து கொடுத்தே நிறுத்தவேண்டும்.

அபினி வகையைச் சேர்ந்த வலி நிவாரணி மாத்திரைகளிலும் ஊசிகளிலும் வேறோர் ஆபத்து இருக்கிறது. சில வாரங்கள் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. மீண்டும் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். எழுப்பியும் எழாமை, மிக மெதுவான மூச்சு, நீலம் பாய்ந்த உதடு ஆகியவற்றைக் கண்டால் உடனே 108 எண்ணை அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியே விட்டுச் செல்லாதீர்கள்.

பிள்ளைக்குத் தெரியாமல் உணவில் கலக்கும் "குடி மறப்பு" மருந்துகளையும் தவிர்த்துவிடுங்கள். டைசல்ஃபிராம் என்னும் மருந்தை உட்கொண்டவர் அதை அறியாமல் குடித்தால், இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும் அளவுக்கு எதிர்விளைவு ஏற்படலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

18 வயது நிறைந்தவர் தம் சிகிச்சையைத் தாமே முடிவு செய்யும் உரிமை உடையவர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் வரம்பில் சேர்த்துள்ளது. நோயாளி பற்றிய செய்திகளை மறைவாகக் காப்பது அச்சட்டப்படி சிகிச்சை அளிப்போரின் கடமை. ஆகவே பிள்ளையின் இசைவின்றி மருத்துவர் அனைத்தையும் உங்களிடம் கூறவில்லையெனில் வருந்தவேண்டாம். அந்த நம்பிக்கையால்தான் பிள்ளை உண்மையைப் பேசுகிறார். தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில் இருப்பவரை, சட்டம் வகுத்த நிபந்தனைகளின்படி, குடும்பத்தாரின் விண்ணப்பத்தின்பேரில் குறிப்பிட்ட காலத்திற்குச் சேர்க்க வழியுண்டு.

"மருத்துவமனைக்குச் சென்றால் காவல்துறைக்குத் தெரிந்துவிடுமோ?" என்று பலர் அஞ்சுகின்றனர். சிகிச்சைக்கு வந்தவரைப் பிடித்துக் கொடுப்பது மருத்துவரின் பணியன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலும், நுகர்வுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், அரசின் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெற இடமுண்டு. சிகிச்சையை முழுமையாக முடிப்பது அதற்கு நிபந்தனை.

மறுவாழ்வு மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், குடும்பத்தார் எப்போது சந்திக்கலாம் என்று விசாரியுங்கள். இரவில் ஆள் அனுப்பிக் கட்டித் தூக்கிச் செல்வோம் என்று கூறும் இடத்திலும், பல மாதங்கள் முகம் பார்க்க அனுமதிக்காத இடத்திலும் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

மீண்டும் தொடங்கினால்

நிறுத்தியவரில் ஏறத்தாழ பாதிப் பேர் ஏதேனும் ஒரு கட்டத்தில் மீண்டும் அப்பழக்கத்தைத் தொடுகின்றனர். ஆஸ்துமா, இரத்த அழுத்தம் போன்ற நெடுநாள் நோய்களிலும் நோய் திரும்பும் அளவு இதற்குக் குறைந்ததன்று. சர்க்கரை ஏறினால் மருத்துவரிடம் மீண்டும் செல்வதுபோல் இதற்கும் செல்லவேண்டும். "இத்தனை செலவும் வீண்" என்ற சொல்லை அன்று மட்டும் வாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அறை நண்பர்கள், தேர்வு முடிந்த இரவு, ஊர்த் திருவிழா என எது தூண்டியது என்பதை அறிந்தால் சிகிச்சை முறையைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு பருவத் தேர்வை இழந்தாலும் பட்டப்படிப்பைப் பின்னர் முடிக்கலாம். கல்லூரியிடம் மருத்துவ விடுப்புக் கேட்பதில் இழிவில்லை.

இறுதியாக, உங்கள் உடல்நலத்தையும் பேணுங்கள். உறங்காத தாயும் மாத்திரையை மறந்த தந்தையும் நெடுநாள் துணைநிற்க இயலாது. தம்பி தங்கையரின் படிப்பும் உணவும் இக்கவலையில் கவனிப்பாரற்றுப் போகவேண்டாம். பிள்ளை வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் வந்து மனநலப் பிரிவில் ஆற்றுப்படுத்துநரைச் சந்திக்கலாம். வெளியூரில் இருப்போர், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகியவற்றைக் கட்டணமின்றி அழைக்கலாம். வரும்போது வீட்டில் கிடைத்த மாத்திரை அட்டையை எறிந்துவிடாமல் எடுத்து வாருங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் அதிலிருந்தே அறிந்துகொள்ள முடியும்.