உங்களுக்குத் தெரியுமா? செம்பு எடுத்துத் தரும் பாக்டீரியா

● பாறையில் செம்பு மிகக் குறைவாக இருந்தால், அதை அரைத்து உலையில் உருக்கிப் பிரிப்பது கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட பாறையைச் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மலைமலையாகக் கொட்டிவிடுவது வழக்கம். இன்று அத்தகைய குவியல்களிலிருந்தும் செம்பு வருகிறது. எடுத்துத் தருவது பாக்டீரியா!

● இவற்றில் பெயர்பெற்றது அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ். வெயிலும் வேண்டாம், மக்கிய இலைதழையும் வேண்டாம். இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிஜனோடு சேர்த்து, அதில் பிறக்கும் ஆற்றலில் வாழ்கிறது. உடல் வளர்க்கக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு போதும். எலுமிச்சைச் சாறு அளவுக்கு அமிலம் இருந்தால்தான் செழிக்கும்.

● இதை 1947-இல் அடையாளம் காட்டியவர்கள் கோல்மர், ஹிங்கிள் என்ற இருவர். கிடைத்த இடம், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழிந்த அமில நீர். ஆனால் ஸ்பெயினின் ரியோ டின்டோ சுரங்கத்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே இதன் உழைப்பால் செம்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். உழைப்பது யார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

● எப்படி நடக்கிறது? உடைத்த தாதுவைத் தண்ணீர் கசியாத விரிப்பின் மேல் பல மீட்டர் உயரத்துக்குக் குவிக்கிறார்கள். மேலே சொட்டுநீர்க் குழாய்கள் வழியாக நீர்த்த கந்தக அமிலம் இறங்குகிறது. அடியிலிருந்து காற்றை ஊதுவதும் உண்டு. பாக்டீரியா ஃபெரஸ் என்ற வடிவிலுள்ள இரும்பை ஃபெரிக் என்ற வடிவுக்கு மாற்றுகிறது. ஃபெரிக் இரும்பு தாதுவைத் தாக்கிச் செம்பைக் கரைத்துவிட்டு, தான் மறுபடி ஃபெரஸ் ஆகிவிடுகிறது. பாக்டீரியா அதைத் திரும்பவும் ஃபெரிக் ஆக்குகிறது. மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், இந்தச் சுற்று ஓயாது.

● குவியலின் அடியில் வடிவது நீலப்பச்சைக் கரைசல். நம் உழவர்கள் பூஞ்சைநோய்க்குத் தெளிக்கும் மயில்துத்தம்தான் அதில் கரைந்திருக்கிறது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் சற்று நேரத்தில் ஆணிமேல் செம்பு படியும். அந்தக் காலத்தில் பழைய இரும்பைப் போட்டே செம்பைப் பிரித்தார்கள். இப்போது கரைப்பான் கொண்டு பிரித்து, மின்சாரம் செலுத்தி 99.99 சதவீதத் தூய்மையில் தகடாக எடுக்கிறார்கள்.

● சிலியின் கெப்ராடா பிளாங்கா சுரங்கம் ஆண்டீஸ் மலையில் சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மனிதருக்கே மூச்சு வாங்கும் அந்தக் குளிரில், 1994 முதல் பாக்டீரியாவைக் கொண்டு செம்பு எடுத்தார்கள். வியக்கத்தான் வேண்டும்!

● எல்லாத் தாதுவும் ஒன்றல்ல. சால்கோசைட் என்ற செம்புத் தாது எளிதில் கரையும். உலகில் மிகுதியாகக் கிடைக்கும் சால்கோபைரைட்டோ லேசில் மசியாது. ஆய்வாளர்களுக்கு இன்றும் சவால் அதுதான்.

● தங்கத்துக்கும் இந்த வித்தை உதவுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல், தங்கத்தைப் பொதிந்துவைத்திருக்கும் கந்தகத் தாதுவைப் பாக்டீரியா சிதைத்துக் கொடுக்கிறது.

● உலை இல்லாததால் கந்தக டை ஆக்சைடு புகை இல்லை. ஆனால் ஆபத்து இல்லாமலில்லை. கைவிட்ட சுரங்கங்களில் இதே பாக்டீரியா கேட்பாரின்றிப் பெருகி, அமிலத்தையும் உலோகங்களையும் ஆற்றில் சேர்த்து மீன்களைக் கொல்கிறது. ஆகவே அடிவிரிப்பும், வடிநீரைப் பிடித்துச் சுத்தம் செய்யும் ஏற்பாடும் இல்லாத சுரங்கத்துக்கு எந்த நாடும் அனுமதி கொடுக்கக் கூடாது.