முகுளத்துக்கு எட்டும் சேதி

படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து நின்றால் ஏறத்தாழ அரை லிட்டர் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், அழுத்தம் சரியும். ஆனாலும் பெரும்பாலோருக்குத் தலைகூடச் சுற்றுவதில்லை. மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் சில நொடிகளுக்குள் நிலைமையைச் சரிசெய்துவிடுகிறது.

அதற்குத் தகவல் எங்கிருந்து வருகிறது? தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அதன் சுவர் லேசாகப் புடைத்திருக்கும். அந்தச் சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு விரிகிறது என்பதை அங்குள்ள நரம்பு முனைகள் உணர்கின்றன. பெருந்தமனி வளைவிலும் இதே ஏற்பாடு உண்டு. கழுத்திலிருந்து ஒன்பதாம் கபால நரம்பும், பெருந்தமனியிலிருந்து பத்தாவதான வேகஸ் நரம்பும் சேதி கொண்டுபோகும். இரண்டும் போய்ச் சேருவது முகுளத்திலுள்ள ஒரே நரம்பணுத் திரளுக்கு. மருத்துவர்கள் அதை என்.டி.எஸ். என்பார்கள். அழுத்தம் குறைந்தால் அங்கு வரும் மின்துடிப்புகளும் குறையும். உடனே இதயத்தின் மேல் வேகஸ் பிடித்திருக்கும் கடிவாளம் தளரும்; ரத்தக்குழாய்கள் இறுகும்.

தமனி பிரியும் அதே இடத்தில் கரோட்டிட் பாடி என்னும் மிகச் சிறிய உறுப்பு இருக்கிறது. அதன் சேதியும் என்.டி.எஸ்.ஸுக்கே போகிறது. ரத்தத்தின் வேதிநிலையை உணரும் உறுப்பு அது என்று, நுண்ணோக்கியில் கண்ட அமைப்பை வைத்து ஸ்பெயினின் பெர்னாண்டோ டி காஸ்ட்ரோ 1928-லேயே எழுதினார். சோதனைகளால் அதை நிறுவிய பெல்ஜியத்தின் கார்னெய் ஹேமான்ஸுக்கு 1938-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. டி காஸ்ட்ரோவுக்கும் அதில் பங்கு தந்திருக்க வேண்டும்.

ரத்தத்தின் வேதிநிலைதான் மூச்சையும் ஆள்கிறது. ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு முட்டுகிறது என்று பலரும் நினைக்கிறோம். அன்றாடத்தில் முகுளம் முதன்மையாகக் கவனிப்பது கார்பன் டை ஆக்சைடைத்தான். அது கூடினால் மூளையைச் சூழ்ந்த நீர்மத்தின் அமிலத்தன்மை கூடும். முகுளத்தின் முன்பக்க அணுக்கள் அதை உணர்ந்து மூச்சை முடுக்கும். தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் வழக்கமாக 100 மி.மீ. பாதரசத்தை ஒட்டியிருக்கும். அது 60 வாக்கில் இறங்கும்வரை கரோட்டிட் பாடி பெரிதாகக் குரல் கொடுக்காது.

கிணற்றில் மூச்சடக்கிப் போட்டி போடும் பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்ல வேண்டும். குதிக்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். ஆக்சிஜன் இருப்போ அதிகம் கூடாது. நீருக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே போகும்போதும், கார்பன் டை ஆக்சைடு மூச்சைத் தூண்டும் அளவை எட்டியிருக்காது. மூச்சு முட்டாமலே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.